கைதி, அமைச்சர், நீதியரசர்: வி. ஆர். கிருஷ்ணய்யர்

அரசியலில் இருந்தவர் நீதிபதியாகக் கூடாது என்பது வழக்கறிஞர்களிடையே வெகுகாலமாக இருந்துவரும் வாதம். 1973 ஜூலையில் வி. ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் அவரது நியமனத்தை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். கம்யூனிஸ்ட் தலைமையிலான அமைச்சரவையில் இருந்தவர் நடுநிலையோடு தீர்ப்பெழுதுவாரா என்ற ஐயம் அவர்களுக்கு. அவர் தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க நான் நேர்மாறான முடிவுக்கே வந்திருக்கிறேன். அந்த அரசியல் வாழ்க்கை இல்லையென்றால் அந்த நீதிபதி இல்லை.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்துவிட்டுத் தலச்சேரியில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். மலபாரின் குத்தகை விவசாயிகளும் தொழிலாளர்களும்தான் அவரைத் தேடி வந்த கட்சிக்காரர்கள். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்ததற்காக 1948இல் அவரையே பிடித்து ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1952இல் கூத்துப்பறம்புத் தொகுதியில் சுயேச்சையாக வென்று சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை அமைந்தபோது சட்டம், நீர்ப்பாசனம், மின்சாரம் ஆகியவற்றோடு சிறைத்துறையும் அவர் பொறுப்பில் வந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கைதியாக உள்ளே இருந்தவர், இப்போது சிறைகளுக்கு அமைச்சர்.

அந்த ஆட்சி 1959 ஜூலை 31இல் கலைக்கப்பட்டது. கலைக்கச் சொல்லி வற்புறுத்தியவர்களில் முக்கியமானவர் அன்றைய காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. அடுத்த தேர்தலில் 7 வாக்குகளில் தோற்ற கிருஷ்ணய்யர், தேர்தல் வழக்குத் தொடுத்து வென்றுதான் சட்டமன்றத்துக்குத் திரும்பினார். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். பிறகு சட்ட ஆணையத்தில் உறுப்பினர்.

1975 ஜூன் 24இன் அருமை இந்தப் பின்னணியில்தான் புரியும். இந்திராவின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குத் தடை கேட்கும் மனு, விடுமுறைக்கால நீதிபதியான அவர் முன் வந்தது. சட்ட அமைச்சர் தொலைபேசியில் அழைத்துச் சந்திக்க விரும்பியபோது, மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள், அது போதும் என்றார். இந்திராவுக்காகப் பல்கிவாலாவும் எதிர்த்தரப்பில் சாந்தி பூஷணும் வாதாடினார்கள். கிடைத்தது நிபந்தனைத் தடை: பிரதமராகத் தொடரலாம், அவைக்கு வரலாம், ஆனால் உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவே நெருக்கடி நிலை வந்துவிட்டது. முழுத் தடை கொடுத்திருக்க வேண்டும் என்றும், தடையே கொடுத்திருக்கக் கூடாது என்றும் இன்றும் இரு தரப்பார் பேசுகிறார்கள். பழைய கணக்கைத் தீர்க்க அவருக்கு அது நல்ல சந்தர்ப்பம். அந்த உத்தரவில் பகையும் இல்லை, பணிவும் இல்லை.

ஆனாலும் அவர் பெயர் நிலைப்பது சிறை வழக்குகளால்தான் என்பேன். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பாத்ரா ஒரு கடிதம் எழுதினார். தனக்காக அல்ல, வார்டர் ஒருவர் தடியால் கொடூரமாகத் துன்புறுத்திய சக கைதிக்காக. வக்கீல் இல்லை, முறையான மனு இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். இரண்டு வழக்கறிஞர்களை நியமித்து, சிறைக்குள் போய்க் கைதியைப் பார்க்கவும் ஆவணங்களைப் புரட்டவும் அதிகாரம் கொடுத்தது. 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, கைதிகள் புகார் போடச் சிறைகளில் பெட்டி வைக்கச் சொல்கிறது. அவர்களது உரிமைகளை விளக்கும் கையேட்டை இந்தியில் அச்சிட்டுக் கொடுக்கச் சொல்கிறது. சிறைக்குள் எழும் புகார் அதிகாரியின் மேசையைத் தாண்டி வெளியே வராது என்பதை உள்ளே இருந்தும் பார்த்தவர், மேலே இருந்தும் பார்த்தவர். பெட்டியும் கையேடும் சட்டப் புத்தகத்திலிருந்து மட்டும் வந்தவையல்ல.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவரது ஆங்கிலம் கரடுமுரடானது. அடுக்குச்சொற்களிலும் அரிய சொற்களிலும் வாக்கியங்கள் முட்டி நிற்கும். எந்த ஏழைக்காக எழுதினாரோ அவருக்கு அது எட்டாது, பல வக்கீல்களுக்கே எட்டாது. 2014இல் அவர் மறைந்த பிறகும் அந்தத் தீர்ப்புகளைத் தமிழில் தேடுபவருக்கு ஏமாற்றம்தான். மொழிபெயர்ப்பைப் பாத்ரா தீர்ப்பிலிருந்தாவது தொடங்கலாம். சட்டமும் தமிழும் ஒருசேர அறிந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை.