கேட்கப்பட்டது கடதாசி: சபரகமுவத் தோட்டங்களும் பிரஜாவுரிமை விசாரணையும்

அமெரிக்காவில் குடியுரிமை கேட்பவர் அந்த நாட்டின் அரசியலமைப்பு, வரலாறு பற்றிய கேள்விகளுக்கு ஓர் அதிகாரி முன் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 2005 முதல் இதற்கென்று ஒரு பரீட்சை நடக்கிறது. இவற்றைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் கேள்விகள் எங்கிருந்து வரும் என்பது முன்கூட்டியே தெரியும். படித்தவர் தேறலாம், தவறியவர் மறுபடி எழுதலாம். இலங்கையின் தோட்டத் தமிழர் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எதிர்கொண்ட பிரஜாவுரிமை விசாரணையில் இந்த வசதி எதுவும் இருக்கவில்லை. நாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எத்தனை ஆண்டு இங்கே இருந்தாய், அதற்குக் கடதாசி எங்கே என்றே கேட்டார்கள். அந்தக் கடதாசியோ தோட்டக் கந்தோரில் இருந்தது. ஆகவே அந்த விசாரணை தொழிலாளியின் நாட்டுப்பற்றை அளக்கவில்லை. அவரை வேலைக்கு வைத்திருந்த நிர்வாகத்தின் பதிவேட்டையே அளந்தது. அப்படி ஒரு விசாரணை இருந்ததே, பெருந்தொகையான மக்களை விலக்கியதற்கு ஒரு நியாயத் தோற்றத்தையும் கொடுத்தது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹட்டனையும் நினைப்பதே வழக்கம். சபரகமுவ வேறு மாதிரியான நிலம். பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் நடுவே இருக்கும் ஓப்பநாயக்கவை எடுத்துக்கொள்வோம். களனிவெளி ரயில் பாதை 1912இல் இரத்தினபுரிக்கு வந்தது. 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டு அங்கேயே முடிந்தது. தேயிலையும் ரப்பரும் இறங்கிச் செல்லப் போட்ட பாதை அது. அவிசாவளைக்கு அப்பாலான பகுதி 1976இல் மூடப்பட்டது. இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடப்பவை. ஒரு தொகுதியை வெல்லும் அளவுக்கு எங்கும் தமிழ்த் தொழிலாளர் திரண்டிருக்கவில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற தொகுதிகள் மத்திய, ஊவா மலைகளில் இருந்தன. சபரகமுவவில் ஒன்றும் இல்லை. ரப்பர் பெருகியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆகவே பால்வெட்டு வேலைக்கு அப்போது வந்து சேர்ந்த குடும்பத்தில், 1948இல் தொழில் செய்துகொண்டிருந்த இளைஞன் இங்கேயே பிறந்திருந்தாலும், அவன் தகப்பன் பெரும்பாலும் அக்கரையில் பிறந்தவனாகவே இருந்திருப்பான்.

இந்த இடைவெளியில்தான் சட்டம் வந்து விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குள் அடங்காத தோட்ட மக்களுக்கென்று 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதன்பின் விண்ணப்பிக்கும் நாள் வரையிலும் வாழ்ந்திருக்க வேண்டும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேயே இருந்திருக்க வேண்டும். பிழைப்புக்கு நிலையான வழி வேண்டும். குடிமையியல் என்று சொல்லத்தக்க நிபந்தனை ஒன்றே ஒன்று இருந்தது: பதிவு கிடைத்தால் வேறு நாட்டு உரிமைகள் போய்விடும், இலங்கைச் சட்டமே தன்னை ஆளும் என்பதை விண்ணப்பதாரர் தெளிவாக விளங்கியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு சொல்லில் 'ஆம்' என்று பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இது. மற்ற எல்லாவற்றுக்கும் சான்று வேண்டியிருந்தது.

சான்று யாரிடம் இருந்தது? தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையைச் சுற்றிக் கடதாசிக்குக் குறைவே இருந்ததில்லை; ஆனால் அவற்றில் எதுவும் அவருக்காக எழுதப்பட்டதில்லை. 1901இல் வந்த தகரத் துண்டு, எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று காட்டக் கழுத்தில் தொங்கியது. 1921இல் ஒழிக்கப்படும் வரை நடந்த துண்டு முறை, கங்காணியின் கடன் எவ்வளவு என்று காட்டியது. இலங்கைக்கு வரும் தொழிலாளரைத் தமிழகக் கரையில் தங்கவைத்த மண்டபம் முகாமின் பதிவுகள் தொற்றுநோயைத் தடுக்கவும் ஆள் எண்ணவும் எழுதப்பட்டவை. செக்ரோல் பேர் போட்ட நாளுக்குச் சம்பளம் கணக்கிடுவதற்கானது. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிவதுகூடத் தகப்பன் கையில் இல்லை, துரையின் அறிவிப்பில் தங்கியிருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போன குடும்பத்தின் வரலாறு இரண்டு கந்தோர்களில் துண்டுபட்டுக் கிடக்கும். கணக்கப்பிள்ளை பேரை ஒரு தோட்டத்தில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் எழுதினால், ஒரே ஆள் கடதாசியில் இருவராகிவிடுவார். இந்த ஏடுகளை வைத்தே ஒரு மனிதன் இந்த நாட்டில் வேரூன்றியவனா என்று தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டது அரசு.

எனவே இந்த விசாரணைக்கு ஆயத்தமாவது படிப்பாக இருக்க முடியாது. அது தேடலாகவே இருந்தது. பழைய செக்ரோலில் பேரைத் தேடுவது, பிறப்புச் சான்றிதழ் பெறுவது, மனைவி ஊருக்குப் போய் வந்த காலத்தைக் கணக்கிடுவது எல்லாம் ஒரு தொழிலாளி தனியே செய்து முடிக்கும் வேலைகள் இல்லை. தொழிற்சங்கமும் எழுத்தறிந்த நாலு பேரும் இருந்த தோட்டத்துக்கும் இவை இல்லாத தோட்டத்துக்கும் இதனால் பெரிய வித்தியாசம் வந்திருக்கும். விண்ணப்பத்தை ஒரு விசாரணை அதிகாரி சரிபார்ப்பார். போதாது என்று பட்டால், ஏன் நிராகரிக்கக்கூடாது என்று காரணம் காட்டும்படி அறிவித்தல் வரும். பிறகு பிரதி ஆணையாளர் முன் விசாரணை நடக்கும். அதிலும் தோற்றால் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கடதாசியில் அழகான ஏணிதான். ஆனால் லயத்தில் இருந்து கொழும்பு நீதிமன்றம் வரை அதில் ஏறப் பணமும் வழக்கறிஞரும் வேண்டும். 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி முடிவதற்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவை எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை உள்ளடக்கின. 1960களின் நடுப்பகுதி வரை இழுபட்ட அந்தப் பணியின் முடிவில் பதிவு பெற்றவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர். ஆறில் ஒருவருக்கே கதவு திறந்தது.

தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டல்லவா என்பது முதல் ஆட்சேபம். இதற்கான வழக்கே சபரகமுவவில்தான் பிறந்தது. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல வாக்காளர் இடாப்பில் தன் பேரைச் சேர்க்கக் கேட்டார் கோடாக்கன் பிள்ளை. பதிவு அதிகாரி மறுத்தார். இடாப்பைத் திருத்தும் அதிகாரியோ, இந்தச் சட்டங்கள் ஒரு சமூகத்தின்மீது மட்டும் விழும் தடை, அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தீர்த்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அந்தத் தீர்ப்பை அகற்றியது. லண்டன் பிரிவி கவுன்சிலும் 1953இல் அரசின் பக்கமே நின்றது. தன் மக்கள் யார் என வரையறுப்பது சட்டமன்றத்தின் இயல்பான வேலை என்ற பிரிவி கவுன்சில், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பிரஜையாகும் வழி இந்தியத் தமிழருக்கு இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. வழி இருக்கிறது, ஆகவே விலக்கும் நோக்கம் இல்லை என்பது அந்த வாதத்தின் உயிர்நாடி. ஆனால் அந்த வழியில் எத்தனை பேர் போய்ச் சேர்வார்கள் என்பது 1953இல் தெரியாது. விசாரணைகள் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தன. முடிவு தெரிந்த நமக்கு, ஆறில் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிய ஒன்றைத் திறந்த வழி என்று ஏற்பது கடினம். வரையறுக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்கள், தொழிலாளியின் கையில் இல்லாத சான்றை அளவுகோலாக வைத்ததுதான் பிழை.

இரண்டாவது ஆட்சேபம்: இவர்கள் ஊருக்குப் போய் வந்தார்கள், பணம் அனுப்பினார்கள், மனம் இந்தியாவில்தான் இருந்தது. போய் வந்ததும் அனுப்பியதும் உண்மை. ஆனால் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகிறவன் இந்த நாட்டை வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. மனம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு ஒரு சான்று இருக்கிறது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்து, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றது. மக்களையே விண்ணப்பிக்கச் சொன்னபோது, இந்தியாவைக் கேட்டவர்கள் ஒதுக்கிய தொகைக்குக் குறைந்தார்கள். இலங்கையைக் கேட்டவர்கள் ஒதுக்கிய தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தார்கள். 1946இலேயே கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராமத்தவருக்குக் காணி வழங்க அரசு எடுத்து, தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது, அவர்கள் மூட்டை கட்டிக் கப்பலேறவில்லை. வேலைநிறுத்தம் செய்தார்கள், வழக்காடினார்கள்.

தலைவர்கள் முதலில் பகிஷ்கரித்துக் காலத்தை வீணாக்கினார்கள் என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் சட்டத்தையே புறக்கணித்து, கெடு நெருங்கியபோதே விண்ணப்பிக்க முனைந்தது. கடைசி நேர அவசரத்தில் நிரப்பிய படிவங்களில் பிழைகள் மலிந்திருக்கலாம். ஆனால் பகிஷ்கரிப்பு விண்ணப்பம் போடுவதைத் தாமதப்படுத்தியிருக்குமே ஒழிய, 1939இல் எழுதப்படாத செக்ரோல் பேரை 1949இல் எழுதியிருக்க முடியாது. 1954இல் நேரு - கொத்தலாவல ஒப்பந்தம் விண்ணப்பங்களை இரண்டு ஆண்டில் முடிக்க முனைவதாகச் சொன்ன பிறகும் வேலை ஒரு தசாப்தம் இழுபட்டது. அந்தத் தாமதத்துக்குத் தொழிலாளி பொறுப்பல்ல. 1970களிலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டு, குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்தன. ஓரிடத்தில் இடையறாது வாழ்ந்ததற்குக் கடதாசி காட்டு என்று அவர்களிடம் கேட்பது எவ்வளவு பொருளற்றது என்று சொல்லத் தேவையில்லை.

அரசும் கடைசியில் இதை ஏற்றுக்கொண்டது. சொல்லாமல் செய்துகாட்டியது என்பதே சரி. 1978 அரசியலமைப்பு பிரஜைகளுக்குள் உயர்வு தாழ்வு இல்லாத ஒரே அந்தஸ்து என்றது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நீண்ட விசாரணையை விட்டுச் சத்தியக் கடதாசியை ஏற்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியினரும் பிரஜைகள் என்று அறிவித்தது. ஒரு பிரகடனமும் சமாதான நீதவானின் கையொப்பமும் போதுமானவையாயின. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையாளர் அலுவலகமும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்திய இயக்கத்தில் பத்து நாளில் 1,90,000க்கும் மேற்பட்டோர் பிரஜாவுரிமை பெற்றனர். இதனால் நாட்டுக்கு ஒரு தீங்கும் வரவில்லை. 2003இல் போதுமானதாக இருந்த அதே உண்மை, அதாவது இவர்கள் இங்கே வாழ்கிறார்கள் என்பது, 1949இலும் ஓப்பநாயக்க ரயிலில் வந்து இறங்கிய எந்த அதிகாரியின் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். பரீட்சையில் தவறியது தோட்ட மக்கள் அல்லர், பரீட்சை வைத்தவர்கள்தான். அதைத் திருத்த 54 ஆண்டுகள் பிடித்தன.