வாசலில் போட்ட நாற்காலி

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் பழைய வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைக் கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்று பிடிபடும். நாற்காலி கிடப்பது வாசலில். பின்னால் தொங்குவது ஸ்டுடியோ திரையல்ல, கொடியில் போட்ட வேட்டி. பாட்டி முழங்காலில் கைகளை ஊன்றி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் காலடி வரை ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது. அது படம் எடுத்தவருடைய நிழல்.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்பதுதான் சாதா கேமராக்காரர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட முதல் பாடம். 1900-இல் கோடாக் ஒரு டாலருக்கு விற்ற பிரௌனி பெட்டிக் கேமராவின் எளிய லென்ஸுக்கு நல்ல வெயில் வேண்டும். பொழுது சாயும்போது எடுத்தால் எடுப்பவரின் நிழல் படத்துக்குள் விழும், எதிரே இருப்பவருக்குக் கண் கூசும். உச்சி வெயிலிலோ கண்குழி இரண்டும் கறுத்துப்போகும்.

அதற்கு முந்தைய நிலைமை இன்னும் மோசம். சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி 1856-லேயே வந்துவிட்டது. ஆனால் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப்பின் படங்களில் கோயில்கள்தான் நிறைய, மனிதர்கள் குறைவு. அன்று ஒரு படம் பதிய நேரம் பிடிக்கும்; கல் அசையாது, மனிதர் அசைவார்.

நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கேமரா கைக்கு வந்தது அக்ஃபா கிளிக் 3 மூலம். பரோடாவில் தயாரான பெட்டி அது. 120 பிலிமில் 12 சதுரப் படங்கள். முதுகிலிருக்கும் சின்னச் சிவப்புக் கண்ணாடியில் எண் தெரியும் வரை திருக வேண்டும். மறந்தால் அண்ணன் மேல் தங்கை விழுவாள். பன்னிரண்டும் தீர்ந்தால்தான் ரோல் கழுவப் போகும். பொங்கலுக்கு எடுத்த முகத்தைச் சித்திரையில் பார்த்த வீடுகள் உண்டு.

விவரம் தெரிந்தவர்கள் ஆளைத் திண்ணை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். மேலே கூரையின் நிழல், முன்னால் வெயில் காயும் வாசல். தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஏறி, கண்குழியின் கறுப்பைக் கரைத்துவிடும். சினிமாக்காரர்கள் தெர்மாகோல் அட்டை பிடித்துச் செய்வதும் இதைத்தான்.

எல்லா வாசல் படமும் பண்டிகைப் படமல்ல. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர்கள் உயிரோடிருக்கும்வரை கேமரா பக்கமே வரவில்லை. அவர்கள் இறந்த பிறகு, குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து, தாடையைத் துணியால் கட்டி, சுற்றிலும் குடும்பம் நிற்க எடுத்த படமே பல வீடுகளில் ஒரே படம். வெளிச்சம் வேண்டுமே, அதுவும் வாசலில்தான். பிறகு ஸ்டுடியோவில் தூரிகையால் கண்ணைத் திறந்துவைப்பார்கள். இன்று பார்த்தால் திக்கென்றிருக்கும். அன்றைக்கு அது பிள்ளைகள் செய்த மரியாதை.

1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அமெச்சூர்கள் எடுத்த வாசல் படங்களோ இன்னும் பெரும்பாலும் டிரங்குப் பெட்டிக்குள்.

அவற்றின் பெரிய குறை, பெயர் இல்லாதது. இதே உத்திரமேரூரில், 921-இல் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு, மன்னன் அனுப்பிய அதிகாரி சோமாசிப்பெருமானின் பெயரைச் சொல்கிறது. எழுதிய மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரையும் விடவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய படத்திலோ, நிற்பது சித்தப்பாவா பெரியப்பாவா என்று வீட்டிலேயே தகராறு.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெட்டியைத் திறந்து, வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் பின்புறம் பெயரும் வருஷமும் எழுதிவையுங்கள். முடிந்தால் நிழலுக்குச் சொந்தக்காரர் பெயரையும். பென்சில் போதும், பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் முகத்தில் தெரியும்.