காலனியின் வாக்கும் எண்ணும் மேசையும்

வாக்குரிமை வரலாற்றை, யாருக்கு எப்போது வாக்கு கிடைத்தது என்றே நாம் படித்து வந்திருக்கிறோம். போட்ட வாக்கு யார் கண்ணில் படுகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1952 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி இருந்தது. பின்னர் ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்தது. சாவடிகளைக் கைப்பற்றும் அராஜகம் பெருகியதால் 1989இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சாவடி கைப்பற்றல் தனிக்குற்றமானது. மின்னணு இயந்திரத்துக்கும் சட்ட அனுமதி கிடைத்தது. நிமிடத்துக்கு நான்கு வாக்குக்கு மேல் அதில் பதிய முடியாது. கைப்பற்றியவனும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு பாதுகாப்பு பறிபோனது. மிரட்டலுக்கு வாய்ப்புள்ள இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண, தேர்தல் நடத்தை விதி 59ஏ வழி செய்திருந்தது. இயந்திரமோ ஒவ்வொரு சாவடியின் கணக்கையும் தனித்தனியே சொல்கிறது.

ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் தொழிற்சாலைகளில் உழைக்கும் நம் மக்கள் பலர் காலனிகளில் வாழ்கிறார்கள். காலனிக்கென ஒரு சாவடி இருந்தால், தனியாள் யாருக்குப் போட்டார் என்பது மறைந்திருக்கும். தெரு யாருக்குப் போட்டது என்பது அன்றே தெரிந்துவிடும். பிறகு குடிநீருக்கும் பட்டாவுக்கும் போய் நிற்கும்போது அந்த எண் நம் முன்னே வந்து நிற்கும்.

பணம் கொடுப்பவருக்கும் அந்த எண்தான் ரசீது. ஆம்பூரையும் உள்ளடக்கிய வேலூர் மக்களவைத் தொகுதியில், ஏறத்தாழ 11 கோடி ரூபாய் பிடிபட்டதைத் தொடர்ந்து, 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு இரண்டு நாள் முன்னதாக ரத்தானது. ஆகஸ்ட் 5இல் நடந்த தேர்தலில் வெற்றி வித்தியாசம் வெறும் 8,141. இவ்வளவு நெருக்கமான போட்டியில் ஒவ்வொரு காலனியின் கணக்கும் கவனிக்கப்படும்.

பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கையும் அதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

டெல்லி மறுத்ததோடு நாம் நிற்க வேண்டியதில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 243கே, 243இசட்ஏ பிரிவுகள் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தந்துள்ளன. 2021 அக்டோபரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் வாக்குச்சீட்டில்தான் நடந்தது. சீட்டைக் கலக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஊராட்சித் தலைவர், ஒன்றிய, மாவட்ட உறுப்பினர் பதவிகளுக்குச் சாவடிகளின் சீட்டுகளைக் கலந்த பிறகே எண்ண வேண்டும் என்பது சட்டத்திலேயே கட்டாயமாக எழுதப்பட வேண்டும். நகர்ப்புறத் தேர்தல்களுக்கு டோட்டலைசர் வேண்டும்.

இயந்திரத்தை நம்பலாமா என்ற விவாதம் நடக்கட்டும். அந்த விவாதத்தில் காலனியின் ரகசியத்தையும் ஒரு கோரிக்கையாக நாம் முன்வைப்போம்.