பினாட்டுப் பாயும் அணிற்பிள்ளையும்

பினாட்டுப் போடுகிற நாள்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கொரு வேலை இருந்தது. பினாட்டாகக் காயப் பாயில் ஊற்றிய பனங்களிக்குப் பக்கத்தில் பூவரசங்கம்போடு குந்தியிருந்து காகத்தையும் அணிலையும் துரத்த வேண்டும். காகத்துக்கு அம்மம்மாவிடம் ஏச்சுத்தான். அணிலை மட்டும் "அணிற்பிள்ளை" என்பா. "பிள்ளைக்குப் பசிக்குதாக்கும், விடடா." பிறகு எனக்கு எதற்குக் கம்பு?

புங்குடுதீவில் காடு இல்லை. வன்னிக் காட்டின் பெரிய மர அணிலை நாங்கள் கண்டதில்லை. எங்களுக்கு அணில் என்றால் முதுகில் மூன்று வெள்ளைக் கோடுள்ள இதுதான். 1766இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் பனைமரத்தையும் அந்தப் பெயருக்குள் வைத்தார். பின்னால் வந்து சேர்ந்த பேரினப் பெயருக்குக் கயிற்றில் நடப்பவன் என்று பொருள். பன்னாடை நாரை உருவிக் கூடு கட்டும், ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி போடும், உடுப்புக் காயப்போடும் கொடியில் தலைகீழாய் ஓடும். பாளை சீவிக் கட்டிய முட்டிக்குள் தலைவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

முதுகுக் கோடு இராமரின் விரல் பட்டது என்பா அம்மம்மா. அணை கட்ட மணல் சுமந்த அணில் வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது, ஆனால் அங்கே கோட்டைப் பற்றிய பேச்சே இல்லை. வட இந்திய அணிலுக்கோ ஐந்து கோடு. அங்கே முழுக் கையாலும் தடவினார் போலும்! உண்மையில் அணிலுக்கு அணையே தேவைப்பட்டிராது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில், கடல் 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடந்தது. பாக்குநீரிணை அப்போது வெறும் தரை. பக்கத்துத் தீவான வேலணைக்குப் போக வாணர் தாம்போதி வேண்டியிருந்தது எங்களுக்குத்தான்.

குறுந்தொகையில் 41ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் தொலைந்துபோயிற்று. பாட்டில் வந்த சொல்லைக் கொண்டே அவரை அணிலாடு முன்றிலார் என்கிறோம். காதலன் பிரிந்தால் தான், சனம் விட்டுப்போய் அணில் விளையாடுகிற முற்றத்து வீடு போல ஆகிவிடுவதாகத் தலைவி சொல்கிறாள். படித்த வயதில் இந்த உவமை எனக்குப் பிழையாகப் பட்டது. ஆளிருக்கிற வீட்டில்தானே அணில்? அரிசி புடைக்கிற இடம், புழுக்கொடியல் காய்கிற இடம், அங்கேதானே அது வரும்? வாத்தியார் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

1991 இடப்பெயர்வில் ஊர் வெறுமையாகியது. கன காலம் கழித்துப் போனேன். கூரை இல்லை. குசினிச் சுவரைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று நின்றது. படலை இருந்த இடத்தில் நின்று பார்க்கத்தான் முன்றிலாரின் கண் எனக்கு விளங்கியது. ஆளிருந்த காலத்தில் அணில் ஓரமாய் வரும், ஒன்றைக் கவ்வும், ஓடிவிடும். இங்கே நடுமுற்றத்தில், பினாட்டுப் பாய் விரிக்கிற அதே இடத்தில், நாலைந்து அணில்கள் ஆறுதலாய் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

ஓரடி வைத்தேன். ஒன்று வேம்பில் தாவி ஏறி, வாலை வெட்டி வெட்டிக் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. பூனையோ பாம்போ வந்தால் மற்ற அணில்களுக்குக் கொடுக்கிற குரல் அது. சுற்றிப் பார்த்தேன். முற்றத்தில் என்னைத் தவிர ஒன்றும் இல்லை.