செங்குந்தர் மரபில் தெய்வபக்தியும் இராஜபக்தியும்: ஆரணியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

தெய்வத்துக்குப் பணிதலும் அரசனுக்கு அடங்கி நடத்தலும் ஒரே தர்மத்தின் இரு முகங்கள் என்று நம் நாட்டுச் சரித்திரம் எழுதியோர் பலரும் கருதினர். ஆயினும், ஆரணி போன்ற நெசவூர்களில் தறியை நம்பி வாழும் செங்குந்தரின் ஐதிகத்தையும் சோழர் சாசனங்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, அவ்விரு கடமைகளும் சம அந்தஸ்துடையனவாய் ஒருபோதும் கொள்ளப்படவில்லை என்பதும், மன்னனுக்குச் செய்த ஊழியம் ஆண்டவனுக்குப் பட்ட கடனின் கிளையாகவே எண்ணப்பட்டது என்பதும் புலனாகும்.

செங்குந்தரின் மறுபெயரான கைக்கோளர் என்ற பெயரினர் சோழர் சாசனங்களில் போர்ப்படையினராய்க் காணப்படுகின்றனர். 'தெரிஞ்ச கைக்கோளர்' எனப்பட்ட அப்படைகள், சிங்களாந்தகன், விக்கிரமசிங்கன் முதலிய அரச விருதுகளைத் தம் பெயருக்கு முன் சூடி வழங்கின. தன் படையின் பெயரையே மன்னனுக்கு ஒப்புவித்த வீரனிடம் இதற்கு மேற்பட்ட விசுவாசத்தை எவரும் எதிர்பார்த்தல் அரிது. ஆனால் செங்குந்தரைத் தம் முன்னோர் யாவரெனக் கேட்டால், எந்தச் சோழ சேனாபதியின் பெயரையும் அவர்கள் கூறுவதில்லை. அம்பிகையின் சிலம்பினின்று சிதறிய நவமணிகளில் தோன்றிய சக்திகள் ஈன்ற புதல்வரும் முருகப்பெருமானின் படைத்துணைவருமான வீரவாகு முதலிய நவவீரரையே மூலபுருஷராகக் கொண்டாடுகின்றனர். சூரசம்ஹார விழாவில் இம்மரபினர் நவவீரர் வேடம் புனைந்து, கையில் வாளேந்தி, முருகனின் தூதராய்ச் சூரன் எதிரே செல்வது பல ஊர்களில் இன்றும் நிகழ்கிறது. அரச விருதைச் சுமந்த படைப்பெயர்கள் சோழர் ஆட்சியோடு மறைந்தன; வேலவனுக்குப் பூண்ட அடிமையோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. அப்படையினரின் நேர்வாரிசுகளே இன்றைய நெசவாளர் என்று நிறுவுவது என் வாதத்துக்கு அவசியமன்று. இம்மரபு எதை மறந்தது, எதைப் போற்றிக் காத்தது என்பதே இங்கு சாட்சியாகும்.

இதற்கு 'ஈட்டி எழுபது' என்ற நூல் பிறந்த கதையைக் காட்டி ஆட்சேபம் கூறலாம். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராஜராஜன் என்ற மூவர் அவையிலும் வீற்றிருந்த புலவர் ஒட்டக்கூத்தர், தம் குலத்தாரைப் பாடுவதற்கு விலையாக அவர்தம் தலைச்சன் பிள்ளைகளின் தலைகளைக் கேட்டார் என்றும், அவர்கள் தயங்காது கொணர்ந்தனர் என்றும் கர்ணபரம்பரை கூறும். கேட்கவே நெஞ்சு நடுங்கும் இக்கீழ்ப்படிதலை உத்தம தர்மமென்று போற்ற என்னால் இயலவில்லை. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. வெட்டுண்ட தலைகள் மீண்டும் உடலோடு பொருந்தியது கலைமகளின் அருளாலேயன்றி மன்னன் ஆணையாலன்று. உயிரை வாங்கும் அதிகாரம் அரசவையைச் சார்ந்தவரிடமும், அதனை மீட்டளிக்கும் சக்தி தெய்வத்திடமும் இருப்பதாகக் கதை சொன்னவர்கள் பகுத்துவிட்டனர்.

ஆரணியை ஆண்டவர்களிடமும் இவ்வரிசையே காணப்படுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் சிவாஜியின் தந்தை சாஹாஜியிடமிருந்து வேதாஜி பாஸ்கர் பந்த் பெற்ற ஆரணி ஜாகீர், பிஜப்பூர் சுல்தான், ஆர்க்காட்டு நவாப், கிழக்கிந்தியக் கும்பினியார் என்று மேலதிகாரம் கைமாற மாற, தன் விசுவாசத்தையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. எனினும் ஜாகீர்தார்களின் அரண்மனை அமைந்த ஊர் அந்த அதிபதிகள் எவர் பெயராலும் விளங்கவில்லை. உத்தராதி மடத்துச் சத்யவிஜய தீர்த்தரின் பெயரைத் தாங்கிச் சத்யவிஜயநகரம் என நின்றது. அவர் சமாதியான பிருந்தாவனமும் அங்கேயே உள்ளது. மாத்வ மடத்தைச் சார்ந்த பிராமண ஜாகீர்தாருக்கும் முருகனை வழிபடும் நெசவாளருக்கும் சித்தாந்தம் வேறு, பாஷை வேறு, குலாசாரம் வேறு. அவ்விருவரிடத்தும் ஒரே முறைமை நிலவியதால், இதனை ஒரு சமயத்தின் தனிக்கொள்கையெனக் கொள்ளாது, இப்பிரதேசத்தாரின் பொதுவான அரசியல் எண்ணமாகவே கொள்ளுதல் தகும்.