கடல் கடந்த எலியின் சாட்சி

பசுபிக் மாசமுத்திரத்தில், ஒன்றுக்கொன்று பலநூறு மைல் தொலைவிலுள்ள தீவுகளிற் பொலினீசிய மக்கள் குடியேறியது எவ்வாறு? திசையறிந்து ஓடம் செலுத்தினரா, அன்றிக் காற்று அள்ளிச்சென்ற இடத்திற் கரைசேர்ந்தனரா? நெடுந்தூரம் திட்டமிட்டுப் போய்வருதல் அவர்களால் இயன்றிராது என 1956ஆம் ஆண்டில் அன்ட்ரூ சார்ப் என்னும் நியூசிலாந்து வரலாற்றாசிரியர் எழுதினார். அம்மக்களின் மரபுக்கதைகளோ போக்கும் வரவுமாகிய கடற்பயணங்களைப் பேசின. எழுத்தாவணமில்லாத இவ்வழக்கிற் சாட்சி சொல்வார் யார்?

மனிதரின் உடற்கூறு தெளிவான விடை தரவில்லை. ஐரோப்பியர் வருகையோடு பரவிய நோய்களால் மக்கள் பெருந்தொகையாய் மாண்டனர்; எஞ்சியோரிடத்தும் இனக்கலப்பு நேர்ந்தது.

எனவே ஆராய்ச்சியாளர் ஒரு சிற்றெலியை நாடினர். மாவோரி மக்கள் கியோரே என்றழைக்கும் இவ்வெலி, ஆழ்கடலை நீந்திக் கடக்க வல்லதன்று. மனிதரின் ஓடங்களிலேயே தீவுதோறும் சென்றது. ஐரோப்பியக் கப்பல்களிற் பின்னர் வந்த எலிகளோடு இது கலந்து பெருகுவதுமில்லை. ஆகவே, எலி சென்ற வழி மனிதர் சென்ற வழியாகும்.

அவ்வழியைக் காட்டும் அடையாளம் எலியின் உடலிலேயே இருந்தது. உயிர்க்கலத்திலுள்ள இழைமணி என்னும் நுண்ணுறுப்புக்குத் தனியே டி.என்.ஏ. உண்டு, அது தாய்வழியே இறங்குவது. அதன் ஒரு பகுதி விரைந்து மாறுவது. அம்மாற்றங்களிற் பெரிதும் ஒத்த எலிகள் நெருங்கிய உறவின. வேறுபட்டவை தூரத்து உறவின. 1983ஆம் ஆண்டில் கரி முல்லிஸ் கண்ட பெருக்கும் முறை, அணுவளவு டி.என்.ஏ.யையும் ஆய்வுக்குப் போதியதாக்கிற்று.

1998ஆம் ஆண்டில் லிசா மட்டிசூ-சிமித் முதலானோர், கிழக்குப் பொலினீசிய எலிகளை இவ்வாறு ஒப்பிட்டு முடிவை வெளியிட்டனர். குடியேற்றத்தின் பின் தீவுகள் நெடிது தனித்துக் கிடந்தன என்னும் கருத்துக்கு அம்முடிவு இசையவில்லை. நியூசிலாந்து, ஹவாயி ஆகியவற்றின் எலிகள், ஒரேமுறை வந்திறங்கிய சிறுகூட்டத்தின் சந்ததியாகத் தோன்றவில்லை.

ஓடம் செலுத்தியவனின் உள்ளக்கருத்தை எலி உரைக்காது என்பது உண்மையே. எனினும் 1976ஆம் ஆண்டில், மௌ பியைலுக் என்னும் மைக்கிரொனீசிய மாலுமி, கருவியெதுவுமின்றி விண்மீனும் அலையும் நோக்கி, ஹோக்குலேயா என்னும் இரட்டை ஓடத்தை ஹவாயியிலிருந்து தாஹிட்டிக்குச் செலுத்திக் காட்டியிருந்தார். தற்செயல் ஒருமுறை நேரலாம். பன்முறை நேர்ந்ததை மாலுமியின் அறிவென்று கொள்ளுதலே தகும். முன்னோர் வழியறிந்தே வந்தனர் என்ற மரபுக்கதைக்கு, அவர்தம் ஓடத்தில் உடன்வந்த எலியின் சந்ததி துணைச்சாட்சியாயிற்று.