புதுக்குதல்

'புதுக்கு' என்னும் வினை 'புது' என்ற அடியில் பிறந்தது. கல்வெட்டுக் காலத்தில் அது, இருக்கும் கட்டடத்தின் பழுதை நீக்குவதைக் குறித்தது. அந்தச் செலவுக்குக் கோயிலுக்கு விடப்பட்ட நிலம் 'புதுக்குப்புறம்' எனப்பட்டது. இன்றைய 'புதுப்பித்தல்' அதன் உறவுச்சொல்தான். ஆனால் பழையதை இடித்து வேறொன்று எழுப்புவதும் இப்போது அந்தப் பெயரிலேயே நடக்கிறது. வடமொழி வழிவந்த 'சீரணோத்தாரணம்' பொருளில் துல்லியமானது: சீரணம் என்றால் நைந்தது, உத்தாரணம் என்றால் தூக்கி நிறுத்துவது. செரிமானத்தைச் சொல்லும் 'சீரணம்' என்பதற்கும் வேர் அதுவே. மீளக்கட்டும்போதும் பழைய எழுத்துகளைக் காத்ததுண்டு: 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது (கற்கோயிலாகக் கட்டியபோது), பழைய கற்களில் இருந்த சாசனங்கள் படியெடுக்கப்பட்டுப் புதுச் சுவரில் மறுபடி பொறிக்கப்பட்டன. கட்டடம் மாறியும் சான்று பிழைத்தது. மணல் பீய்ச்சி எழுத்துகளைத் தேய்த்த அண்மைக்காலத் திருப்பணிகளில் இந்தக் கவனம் இல்லாமற்போனது பேரிழப்பு. பழுது நீக்குவதா, இடித்துக் கட்டுவதா என்ற பொருள் வேறுபாடு கட்டுமான அனுமதியையும் தீர்மானிக்கிறது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், 2010 திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி தேவை. தடைப் பகுதியில் முன்பே உள்ள கட்டடத்தைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். இடித்துக் கட்டுவது அந்த வரையறைக்குள் வராது. எனவே திட்ட ஆவணங்களில் 'புதுப்பித்தல்' என்று பொதுவாக எழுதாமல், 'பழுதுபார்த்தல்', 'மீளக்கட்டுதல்' எனப் பிரித்து எழுத வேண்டும். மரபுச் சின்னத்தை உள்ளபடி காப்பதற்குப் 'பேணல்' என்ற தமிழ்ச்சொல் போதும்.